புரூனோவைப் பார்க்க வந்தவர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, ஊசி போடுவதையும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதையும் டாக்டர் உங்களுக்குச் சொல்லித் தருவார். நடக்க முடியாத நாயின் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்குவது ஒரு வாரத்தில் கைக்குத் தானாகப் பழகிவிடும். நான் சொல்ல வந்தது அதெல்லாம் இல்லை. போன் செய்வதைப் பற்றிச் சொல்ல வந்தேன். சிரிக்க வேண்டாம். இந்த வேலையில் நல்ல நல்ல ஆட்கள் தடுக்கி விழுந்ததை நான் அங்கேதான் பார்த்திருக்கிறேன்.

இங்கே வருவதற்கு முன்னால் நான் ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவள். நாய்களைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. படுக்கை விரிப்பை நாற்றமில்லாமல் துவைக்கத் தெரியும். வயதான நாய்களைப் பார்ப்பதில் முக்கால்வாசி வேலை அதுதான் என்று சேர்ந்த முதல் நாளே தெரிந்துபோனது. மற்றதையெல்லாம் வாத்தியாரிடம் கற்றுக்கொண்டேன். இந்த இல்லத்தைத் தொடங்கியவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற கையோடு, நாயுடுபுரத்துக்குக் கீழே சரிவில் இருந்த தன் சொந்த வீட்டையே கிழட்டு நாய்களுக்கு விட்டுவிட்டு, பின்பக்கத்து ஓர் அறையில் படுத்துக்கொண்டார். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. வாத்தியார் என்றே சொல்கிறேன். என்னை அவர் வயது பார்க்காமல் அக்கா என்பார்.

கொடைக்கானலில் வயதான நாய்கள் எப்படி அநாதையாகின்றன என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஆசைப்பட்டு ஒரு பங்களா கட்டுவார்கள். காவலுக்கு ஒரு நல்ல சாதிக் குட்டியை வாங்கி விடுவார்கள். கோடையில் சில நாள், கிறிஸ்துமஸ் லீவில் சில நாள் வந்து அதனோடு விளையாடுவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த நாய்க்கு வாட்ச்மேன்தான் அப்பனும் ஆத்தாளும். பிறகு பங்களாவை விற்கும் நாள் வரும். கட்டில், சோபா, பிரிட்ஜ் எல்லாவற்றையும் வீட்டோடு சேர்த்தே விற்பார்கள். நாயும் அதோடு சேர்ந்து போகும். சாவியை வாங்கிக்கொண்டு வருகிற புது ஆளுக்கு, கார் ஷெட்டில் கண் தெரியாத ஒரு நாய் சங்கிலியில் நிற்பது அப்போதுதான் தெரியும். உடனே நமக்குப் போன் வரும்.

புரூனோ அப்படித்தான் வந்தான். அட்டுவம்பட்டியில் ஒரு பங்களா. அல்சேஷன் கலப்பு. சம்பளம் நின்றுபோனதும் வாட்ச்மேன் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலாக ரொட்டியை எறிந்து உயிரைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கழுத்துப் பட்டை முடிக்குள் புதைந்து கிடந்தது. நகமெல்லாம் வளைந்து உள்ளங்காலில் குத்திக்கொண்டிருந்தது. பின்னங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. வாத்தியாரும் நானும் சாக்கில் வைத்துத் தூக்கி ஜீப்பில் ஏற்றினோம். அந்த வீட்டுக்காரன் மட்டும் என் கையில் கிடைத்தால் அதே சங்கிலியில் அவனைக் கட்டிப்போடுவேன் என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தேன். வாத்தியார் பள்ளம் பார்த்து வண்டியை ஓட்டினார்.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். குட்டி நாய் என்றால் ஆயிரம் பேர் கொடுப்பார்கள். இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருக்கப்போகிற நாய்க்கு யார் கொடுப்பார்? ஆனால் செலவெல்லாம் அதற்குத்தான். மூட்டு மாத்திரை, சிறுநீரகம் கெட்டால் தனிச் சாப்பாடு, எக்ஸ்ரே எடுக்க மலை இறங்கிப் போகும் வண்டி வாடகை. அதற்காகத்தான் வாத்தியார் ஸ்பான்சர் முறையைக் கொண்டுவந்தார். ஒரு நாய்க்கு ஓர் ஆள். மாதம் ஒரு படமும் இரண்டு வரியும் அவருடைய வாட்ஸ்அப்புக்குப் போகும். அந்த வேலை முழுக்க வாத்தியாருடையது. எனக்கு உள் வேலை, அவருக்கு வெளி வேலை.

படம் எடுப்பதற்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, கண் பீளையைத் துடைத்து, நல்ல கம்பளியை விரித்து, நாய் தலையைத் தூக்கும் நேரமாக எடுப்பார். நல்ல சேதி மட்டும்தான் போக வேண்டும். ஒருமுறை நான் கேட்டேன், இதென்ன பொய் வேஷம் என்று.

"சீக்குன்னு எழுதுனா, சாகப்போற நாய்க்கு எதுக்குக் காசுன்னு நிறுத்திருவாங்கக்கா," என்றார். "பட்டுட்டேன். சொல்லிட்டு நாயையும் காப்பாத்த முடியல, காசும் நின்னுபோச்சு."

அவர் சொன்னது உண்மைதான். அப்படி இரண்டு மூன்று தடவை நடந்திருந்தது. அதனால் நான் மேற்கொண்டு பேசவில்லை.

புரூனோவுக்கு ஸ்பான்சர் கிடைத்தது வெகு சீக்கிரம். மதுரைக்காரர். யாரும் நேரில் பார்த்ததில்லை. கேட்டதைவிடக் கூடுதலாகவே அனுப்புவார். அந்த மிச்சத்தில்தான் குண்டுவுக்கு இன்சுலின் வாங்கிக்கொண்டிருந்தோம். குண்டு இங்கிருந்த இன்னொரு நாய், சர்க்கரை வியாதிக்காரி. பெயருக்கு ஏற்ற மாதிரி இருந்தவள், எங்களிடம் வரும்போது எலும்பும் தோலுமாக இருந்தாள். வேளை தவறாமல் ஊசி போடப் போடத்தான் தேறினாள். மதுரைக்காரர் காசு நின்றால் அவள் ஊசியும் நிற்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

புரூனோ எங்களோடு இரண்டு குளிர்காலம் இருந்தான். அடுத்த மழைக்காலத்தில் சிறுநீரகம் கெட்டு, சாப்பாட்டை விட்டு, ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தான். பேரிக்காய் மரத்தடியில் நானே குழி வெட்டிப் புதைத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு பல மாதம் கழித்து ஒரு நாள். வாத்தியார் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்துக் கூக்கால் போயிருந்தார். அங்கே ஒரு கிழட்டு நாயைப் பற்றித் தகவல் வந்திருந்தது. ஜீப் அன்றைக்குப் பட்டறையில் நின்றது. கூக்காலுக்குப் போனால் திரும்புகிற பஸ் சாயங்காலம்தான். நான் காலைக் கஞ்சியெல்லாம் ஊற்றிவிட்டுத் துவைக்க உட்கார்ந்தபோது அவருடைய போன் வந்தது.

"அக்கா, மதுரைல இருந்து புரூனோ ஸ்பான்சர் வர்றாராம். வத்தலக்குண்டு தாண்டிட்டாராம்."

"வரட்டுமே. செத்த நாயப் பாக்க எதுக்கு வாறாரு?"

சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"அவர்ட்ட சொல்லலக்கா."

"என்னத்தச் சொல்லல?"

"செத்ததச் சொல்லல. போன்ல இருந்த பழைய படத்தையெல்லாம் மாசத்துக்கு ஒண்ணா அனுப்பிட்டு இருந்தேன். அதுவும் தீந்துபோச்சு. போன மாசம் மணியை எடுத்து அனுப்புனேன்."

மணியும் அல்சேஷன் கலப்புதான். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கிடந்தவன். அதே நிறம், அதே நரைத்த மூஞ்சி. வாத்தியார் அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனார். மணியைச் சால்வையால் போர்த்தி வெயிலில் படுக்கவைக்க வேண்டும். தூரத்திலிருந்து காட்ட வேண்டும். கிட்டப் போனால் கடிப்பான் என்று சொல்ல வேண்டும். "குண்டுவை நெனச்சுப் பாருங்கக்கா," என்றார். அதோடு சிக்னல் போய்விட்டது.

வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி வர நேரமாகும். அதுவரை நான் யோசிக்கலாம். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, சால்வையைக் கையில் எடுத்துவிட்டேன். பிரிட்ஜைத் திறந்து இன்சுலின் பாட்டிலையும் பார்த்தேன். பாதிதான் இருந்தது. குண்டு என் காலடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பிரிட்ஜைத் திறந்தால் தயிர் கிடைக்கும் என்று அவளுக்கு எண்ணம்.

நான் அரிச்சந்திரன் பரம்பரை இல்லை. பொய் சொல்ல எனக்கும் வரும். ஆனால் சால்வையோடு மணி பக்கத்தில் போய் நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. இன்றைக்கு இவனைப் புரூனோ என்று காட்டுகிறேன். சரி. மணியும் கிழவன்தான், நாளைக்கு இவன் சாவான். அப்போது இன்னொரு நாயைத் தேட வேண்டும். இப்படியே போனால் புரூனோவுக்குச் சாவே கிடையாது. மணிக்கோ செத்தாலும் கணக்கில்லை, இருந்தாலும் கணக்கில்லை. அவன் பெயரில் ஒருவரும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை, இப்போது அவன் மூஞ்சியையும் எடுத்து வேறொருத்தனுக்குக் கொடுக்கிறோம். எனக்கு ஆத்திரமாக வந்தது. சால்வையை மடித்துக் கொடியில் போட்டுவிட்டேன்.

கார் வந்தது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, கையில் தடி. ஒரு கால்தான் தரையில் இருந்தது, அதற்குள் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம்.

"ஐயா, புரூனோ செத்துட்டான்ங்க. போன மழைக்கே செத்துட்டான். உங்களுக்குச் சொல்லாம விட்டுட்டோம். அது எங்க தப்பு."

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றார். "போன மாசம் வந்த படத்துல காது ரெண்டும் முழுசா இருந்துச்சு. அவனுக்கு எடது காதுல நுனி கெடையாது. படம்தான் மாறிப்போச்சோ என்னமோன்னு மனசு கேக்கல. அதான் வந்தேன்."

"காதக் கவனிச்சிருக்கீங்க."

"கவனிக்கிறதென்ன. குட்டியா இருக்கையில கேட்டுல மாட்டி நுனி போயிருச்சு. ரத்தம் நிக்கவே இல்ல. என் துண்டக் கிழிச்சுத்தான் கட்டுனேன்."

எங்களிடம் வரும்போதே அந்தக் காது ஆறிப்போன காது. குட்டியில் நடந்தது இவருக்கு எப்படித் தெரியும்?

"எந்த கேட்டுலங்க?" என்றேன்.

"அட்டுவம்பட்டி வீட்டு கேட்டுல."

ஜீப்பில் கத்திக்கொண்டு வந்த அத்தனையும் தொண்டைக்கு ஏறிவிட்டது. "ஓகோ. அந்த வீட்டுக்காரர் நீங்கதானா," என்றேன். "கழுத்துப் பட்டைய அறுத்து எடுத்தது நான்தான். எப்படி இருந்துச்சுன்னு சொல்லவா?"

"சொல்லுங்க."

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நெஞ்சில் ஆபரேஷன் நடந்து படுத்திருந்தபோது மகன் பங்களாவை விற்றதையும், தானும் மகனோடு பிளாட்டுக்குக் குடிபோக வேண்டி வந்ததையும், வாட்ச்மேனுக்குப் பணம் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்ததையும் பிறகு சொன்னார். எங்கள் பேஸ்புக்கில் அந்தக் காதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாராம். அவர் சாக்குச் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. நானும் ஆறுதல் சொல்லவில்லை.

"சீக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா வந்திருப்பேன்மா," என்றார்.

"நல்லா இருந்தப்பவே வரலையே ஐயா. ரெண்டு வருசம் இங்கதானே இருந்தான்."

"நல்லா இருந்தப்ப வர எனக்கு மூஞ்சி இல்ல. சாகக் கெடக்கான்னா, மூஞ்சி இருக்கோ இல்லையோ வந்துதானே ஆகணும்."

பிள்ளைகளே, இதைத்தான் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒரு சாவை மறைத்தோம் என்பது சின்ன விஷயம். அதற்கு முன்னால் சீக்கை மறைத்தோம். வந்து பார்க்க ஒருவருக்கு இருந்த கடைசி நாட்களை எடுத்துக்கொண்டோம். அந்த நாட்கள் அவருடையவை, எங்களுடையவை அல்ல. இதைப் பழைய வீட்டுக்காரர் என்றில்லை, எந்த ஸ்பான்சருக்கும் சொல்வேன். மாதா மாதம் படம் பார்க்கிறவருக்கு அந்த நாய் சொந்தம்தான்.

புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னார். சரிவில் அவர் இறங்க முடியாது. நானும் டிரைவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இறக்கினோம். மண்மேல் எதற்கு இத்தனை கல் என்று கேட்டார். காட்டுப்பன்றி தோண்டிவிடும் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"என்னையத் தேடுனானா?"

நாயைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் இதைக் கேட்பார்கள், உங்களிடமும் கேட்பார்கள். வாய்க்கு வருவது இரண்டு பதில். உங்களை நினைத்துக்கொண்டே இருந்தான் என்பது ஒன்று. அதெல்லாம் இல்லை, சந்தோஷமாக இருந்தான் என்பது இன்னொன்று. இரண்டும் கேட்க நன்றாக இருக்கும். காலையிலேயே ஒரு பொய்யை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு வந்தவளுக்கு, இன்னொன்றை எடுக்க மனசில்லை.

"தேடுனான்ங்க," என்றேன். "வந்த புதுசுல கார் சத்தம் கேட்டா போதும், அந்தக் காலை வச்சுக்கிட்டு எந்திரிச்சு கேட்டு வரைக்கும் போயிருவான். ஒரு வருசத்துக்கு மேல அப்படித்தான். அப்புறம் விட்டுட்டான். கார் வந்தாலும் கண்ணு முழிச்சுப் பாத்துட்டுப் படுத்துக்கிருவான்."

"விட்டுட்டானா?"

"விட்டுட்டான்ங்க."

"விட்டுட்டான்ல," என்று மறுபடியும் சொன்னார். அப்போதுதான் அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல. காத்துக் கெடக்காமப் போனானே, அந்த மட்டுக்கும் நிம்மதி," என்றார். தேடினான் என்பதற்கு அவர் அழவில்லை. எதைக் கேட்டால் ஒருவருக்கு மனசு ஆறும் என்று நமக்குத் தெரியாது. அதனால் நடந்ததைச் சொல்லுங்கள். எது வேண்டுமோ அதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

மேலே ஏறி வந்ததும் அவர் வராந்தாவில் நின்றார். மணி வெயிலில் கிடந்தான், சால்வை இல்லாமல்.

"படத்துல இருந்தது இவன்தானா?"

"ஆமாங்க. மணி."

"யாரு பாத்துக்கிறா?"

"இவனுக்கு யாரும் கெடையாதுங்க. எங்க பொதுப் பானைதான்."

அவர் குனியப் பார்த்தார், முடியவில்லை. தடியின் முனையால் தரையை லேசாகத் தட்டினார். மணிக்குக் காது மந்தம். திரும்பவில்லை.

"புரூனோ பேர்ல இனிமே பணம் வராது," என்றார். "இவன் பேர்ல போடுறேன், நீங்க கேக்குறத மட்டும். நல்லாருக்கான்னு எனக்குப் படம் அனுப்ப வேணாம். முடியாமப் போச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க. அது போதும்."

காரில் ஏறிப் போய்விட்டார். ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

சாயங்காலம் வாத்தியார் கூக்கால் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் அந்த நாயைப் படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்தார். பிறகு, "எனக்காகவா செஞ்சேன்? இதுகளுக்காகத்தானே செஞ்சேன்," என்றார்.

அவருக்காகச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியாதா? தனக்கென்று ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கொள்ளாத மனிதர். ஆனால் பிள்ளைகளே, இந்த வேலையில் பொய் சொல்கிற எல்லாரும் நாய்க்காகத்தான் சொல்கிறார்கள். தனக்காகச் சொல்கிறவனுக்காவது உள்ளே உறுத்தும். நாய்க்காகச் சொல்கிறவனுக்கு அது புண்ணியம் மாதிரி இருக்கும், நிறுத்தவே தோன்றாது. இதை நான் வாத்தியாரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். என் வாய் அப்படி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போனை எடுத்து, இன்னும் யார் யாருக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று பார்க்க ஆரம்பித்தார். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அன்றைக்கே என் முன்னால் பேசினார். ஒருவர் திட்டிவிட்டு வைத்தார். இன்னொரு அம்மா அழுதுவிட்டு, வேறு நாய் இருக்கிறதா என்று கேட்டார்.

குண்டு விஷயத்தில் நன்றாகவே கஷ்டப்பட்டோம். மிச்சம் என்று ஒன்று வராமல் போனதால் பஜாரில் மருந்துக்கடை பாயிடம் போய் நின்றேன். "ஊசிய நிறுத்தாதீங்க. காசு வரும்போது வரட்டும்," என்று பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். பிறகு குண்டுவின் படத்தையே அனுப்பி, இவளுக்குச் சர்க்கரை, ஊசி இல்லாவிட்டால் செத்துப்போவாள் என்று உள்ளதை உள்ளபடி எழுதினோம். மெதுவாகத்தான் ஆள் கிடைத்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். எல்லாச் சமயமும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உண்மையைச் சொன்னதால் காசு நின்று, மருந்து குறைந்துபோன நாய்களும் உண்டு. அதையும் தெரிந்துகொண்டே சொல்ல வேண்டும். ஆகையால் டாக்டர் முகம் மாறிய அன்றே போனை எடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம், இரண்டு நாளில் தேறிவிடும் என்று உங்களுக்குள்ளேயே ஒருவர் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மதுரைக்காரர் சொன்னபடி மணி பெயரில் மாதா மாதம் பணம் வந்தது. கேட்ட தொகை, அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை. படம் அனுப்ப வாத்தியாருக்குக் கை துறுதுறுக்கும். நான் விடவில்லை.

அடுத்த சீசன் கூட்டமெல்லாம் இறங்கிப் போன பிறகு மணி சாப்பாட்டை விட்டான். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு முகம் மாறிக் கை கழுவப் போனார். அவர் துடைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் நான் மதுரைக்குப் போட்டுவிட்டேன்.

"ஐயா, மணிக்கு முடியலங்க."

"வர்றேன்," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாளே வந்துவிட்டார். வாத்தியார் நாற்காலி கொண்டுவந்து போட்டார். வேண்டாம் என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டினார். மணிக்கு அவரை முன்னே பின்னே தெரியாது. கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. வேட்டியை மோந்து பார்த்தான், தலையை அவர் மடியில் வைத்தான், தூங்கிவிட்டான். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். கையால் வேண்டாம் என்று காட்டினார். மணி உயிரோடு இருந்தவரை அவர் எழுந்திருக்கவில்லை.